ஏழாவது பிளாப்பி

"நான் இல்லலா. உன் கைதான் நாறுது."

"குளிச்சிட்டுத்தான் வந்தேன், ரமணி."

"இறால் வாடை குளிச்சா போயிடுமா? பண்டமாரான்லேருந்து பஸ்ல வந்தியே, பக்கத்துல யாராச்சும் உட்கார்ந்தாங்களா?"

புஷ்பவல்லி பக்கத்துக் கணினியிலிருந்த ரமணியிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேசைக்கு அடியில் விரல்களை முகர்ந்து பார்த்தாள். எலுமிச்சைச் சோப்பின் மணம் மட்டுமே இருந்தது. ஆனாலும் அந்த வாடை போகவில்லை. குனியும்போது கூடியது, நிமிரும்போது குறைந்தது. அவள் முன்னால் இருந்த கணினியிலிருந்து அது வந்துகொண்டிருந்தது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் இருந்தது அந்தப் பயிற்சி நிலையம். அலுவலகங்களில் படுத்துவிடும் கணினிகளை எழுப்பி, வேண்டிய மென்பொருளை ஏற்றிக் கொடுக்க அங்கே சொல்லித்தருவார்கள். இன்று தேர்வு. கன்னையா சார் காலையிலேயே எல்லாக் கணினிகளையும் வேண்டுமென்றே கெடுத்து வைத்திருந்தார். தேறுகிறவர்களில் ஒருவருக்குக் கிள்ளான் துறைமுகத்துக் கப்பல் கம்பெனியில் வேலை. தேறாவிட்டால் அவளுக்கு நாளை மறுபடியும் இறால் உரிக்கும் கொட்டகை. முட்டியளவு ஓட்டுக்குவியல், நகக்கண்ணில் கறுத்த குடல், சோற்றைப் பிசையும்போதெல்லாம் மேலேறி வரும் குமட்டல்.

"ஒண்ணே ஒண்ணுதான்," என்றார் சார். எப்போதும்போல இடக்கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. "ஸ்கிரீன் கேக்கறதைக் குடுங்க. பாதியில நிறுத்தினா ஃபெயில்லா."

வெளியே பிற்பகல் மழை கூரைத் தகரத்தில் விழுந்துகொண்டிருக்க, சன்னல்களையெல்லாம் மூடிவிட்ட அந்த அறையில் கீழ்க்கடையின் மீன்குழம்பும் ஈரக் குடைகளும் வியர்வையும் சேர்ந்து ஒரே கனத்த மூச்சாகிவிட்டிருந்தன. மீட்புப் பிளாப்பியால் கணினியை எழுப்பி, பழையதை அழித்து, விண்டோஸைத் திரும்ப ஏற்றும்வரை புஷ்பவல்லி ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. இனி கப்பல் கம்பெனியின் கணக்கு மென்பொருள் மட்டும்தான் பாக்கி. ஆறு பிளாப்பிகள், ஒவ்வொன்றாக டிரைவுக்குள் செருகி எடுக்க வேண்டிய சதுரத் தட்டுகள்.

முதலாவது வெளியே வந்தபோது, யாரோ உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்ததைப் போல வெதுவெதுப்பாக இருந்தது. இரண்டாவதில் ஈரம். மூன்றாவதை இழுத்தபோது அதன் ஓரத்துக்கும் டிரைவின் வாய்க்கும் நடுவே ஒரு மெல்லிய நூல் நீண்டு, தொய்ந்து, அறுந்து அவள் மணிக்கட்டில் விழுந்தது. எச்சில். கைக்குட்டையால் தேய்த்தாள். தோல் சிவக்கும்வரை தேய்த்தாள். வழவழப்பு போகவில்லை.

"சார், எனக்கு முடியப்போகுது!" ரமணி கையைத் தூக்கினான்.

அவள் நான்காவதைச் செருகினாள். வெளியே வந்தபோது, அதன் தகட்டின் இடுக்கில் பல்லிடுக்கில் சிக்கும் நார் போல வெளுத்த ஏதோ தொங்கியது. ஐந்தாவதன் ஓரத்தில் சின்னச் சின்னக் குழிகள். வரிசையாக. அரைவட்டமாக.

அதை மேசையில் கவிழ்த்து வைத்தாள். எழுந்து ஓடிவிடலாம். ஓடினால் கொட்டகைக்குத்தான் ஓட வேண்டும்.

ஆறாவது.

அது திரும்பி வரவில்லை. பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். உள்ளே ஏதோ கரகரத்தது. பிறகு ஒரு சத்தம். ஊறவைத்த ரொட்டியை வாய் நிறைய அடைத்து விழுங்குகிற சத்தம்.

திரை ஏழாவது பிளாப்பியைக் கேட்டது.

"சார்... இதுல ஆறுதானே?"

கன்னையா சார் வந்து பின்னால் நின்றார். திரையைப் பார்த்தார். டிரைவைப் பார்க்கவில்லை.

"கேக்குதுல்ல?"

"சார், உள்ள என்னமோ இருக்கு சார்."

"பாதியில நிறுத்தக்கூடாதும்மா. கம்பெனி ஆளு வெளிய காத்திருக்காரு." குரல் தணிந்திருந்தது, கிட்டத்தட்ட அன்பாக. பைக்குள் இருந்த கையை எடுத்து அவள் தோளில் வைத்தார். உள்ளங்கையின் சூடு பட்டது. கட்டைவிரல் பட்டது.

வேறெந்த விரலும் படவில்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. மடியில் தன் விரல்கள் கிடந்தன. இறால் ஓடு கீறிய விரல்கள். எவ்வளவு வெறுத்திருப்பாள் இவற்றை. பத்தையும் மடக்கிக்கொண்டாள்.

டிரைவின் கறுப்பு மூடி மெல்ல மேலே மடிந்தது. உள்ளே இளஞ்சிவப்பு. ஈரம். மூச்சு. ஒரு நுனி வெளியே வந்து கீழ்விளிம்பை நக்கிவிட்டு உள்ளே போனது.

திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

தயவுசெய்து அடுத்ததைச் செருகவும்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அதன் கீழே இன்னொரு வரி.

சிறியது போதும்.