இடி இடித்தால் மெயினை இறக்குபவள்

“ஐயையோ... யாருங்க கரண்ட்டை அணைச்சது?”

காப்பிக்கொட்டை உலர்த்தும் கொட்டகையின் இருட்டு மூலையிலிருந்து ஓர் ஆண் குரல்! செல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. மழையில் ஓடிவந்து மெயின் சுவிட்சை இறக்கிய கை அப்படியே நின்றது. இடி அடிக்கடி விழும் மலையூரான மாரமங்கலத்துப் பெண் அவள். வானம் உறுமினால் அவள் கை தானாக மெயினுக்குப் போகும்.

“நான்தானுங்க. இடி இடிக்குதில்ல? நீங்க யாருங்க?”

கைபேசி வெளிச்சத்தில் நனைந்த முகம் ஒன்று நிமிர்ந்தது. நெற்றியில் ஒட்டிய முடி... கோபப்பட முயன்று தோற்றுப்போன பெரிய கண்கள்...

“பேரு ஆசிர். வெள்ளக்கடை ஊருக்கு வேலையாப் போறேன். மழைக்கு ஒதுங்கினேன். பார்த்தா இந்த மிஷினை ஓட்டுற எங்க கம்பெனிப் பெட்டி, மணி தப்பாக் காட்டுச்சு. புரோகிராமைச் சரி பண்ணி எழுதிட்டிருந்தேன். பாதியில பிடுங்கிட்டீங்க!”

“கேக்காம தொட்டது நீங்க... குத்தம் எம்மேலயா?”

நல்ல கேள்வி. ஆசிர் கைபேசி வெளிச்சத்தைப் பெட்டிப் பக்கம் திருப்பினான்.

இடி தள்ளிப்போனதும் மெயினை ஏற்றினாள். பெட்டியில் பச்சை விளக்கு எரியவில்லை... சிவப்பு சிமிட்டியது. அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் சொன்னால்தான் சூட்டுக் காற்றாடி சுற்றும். உள்ளே ஊர்க்காரர்களின் கொட்டை முழுதும் ஈரமாகக் கிடக்கிறது. ‘களத்துல போட்டா மழை நனைச்சிடும், மிஷினை நம்புங்க’ என்று வீடு வீடாகப் போய்க் கெஞ்சியவள் அவள்தான். கொட்டை புளித்துப்போனால் யார் முகத்தில் விழிப்பது?

கைபேசி அடித்தது. அவளை நம்பிக் கொட்டை கொடுத்த கண்ணாயி அக்கா!

“கண்ணு, கொட்டை காயுதா?”

“கா... காயுதுங்க்கா.”

பொய் சொன்ன கையோடு கண் நிறைந்துவிட்டது. அதை அவன் பார்த்துவிட்டான். பாக்கியிருந்த கோபமும் போன இடம் தெரியவில்லை.

“அழாதீங்க. தப்பு என் மேலதான். கரண்ட் சொல்லிட்டுத்தான் போகும்னு நம்பி எழுதின புரோகிராம் இது. பழசை அழிச்சுட்டுப் புதுசை எழுதும். நடுவுல கரண்ட் போனா பழசும் இல்ல, புதுசும் இல்ல...”

“புது ஊடு கட்டி முடிக்காம யாராச்சும் பழைய ஊட்டை இடிப்பாங்களா? ஆடு மேய்க்கிறவருக்குக்கூடத் தெரியுமுங்க!”

“எனக்குத் தெரியலையே!” என்று அசடு வழிந்தான். அந்தச் சிரிப்பில் அவளுக்கு என்னவோ ஆனது. சீ... கொட்டை ஊறிக்கிட்டிருக்கு, உனக்கென்னடி சிரிப்பைப் பார்க்கிற வேலை?

மடிக்கணினியைத் திறந்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினான். இனி புதிது முழுசாக எழுதி முடிந்த பிறகுதான் பழையதைக் கைவிடுமாம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் முடித்துக்கொள்ள, வெள்ளக்கடைக்கு எடுத்துவந்த சின்னப் பேட்டரியையும் மாட்டினான்.

பச்சை! காற்றாடி சுற்றியது.

“மறுபடி ஒருதரம் எழுத விட்டிருக்கேன். இப்ப மெயினை அணைங்க.”

“ஐயோ... மாட்டேனுங்க!”

“சோதிக்காம நான் கிளம்பினா, அடுத்த இடிக்கும் இப்படித்தான் நடுங்குவீங்க. நம்பி அணைங்க.”

நம்பலாமா... இன்றைக்குப் பார்த்த ஆளை? கண்ணை இறுக மூடிக்கொண்டு இறக்கினாள்.

கொட்டகை இருண்டது. பச்சை மட்டும் எரிந்தது... எழுதி முடித்துவிட்டுத் தானாக அணைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மெயினை ஏற்றினாள்.

பச்சை... மறுபடி பச்சை!

“கண்ணாயிக்கா, காயுதுங்க! நெசமாவே காயுது!” என்று கைபேசியில் கத்தினாள். அந்தப் பக்கம் அக்காவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

தூறல் மட்டும் மிச்சமிருந்தது. ஆசிர் பையைத் தோளில் மாட்டினான். போகிறானே... அவள் நெஞ்சு வேறு மாதிரி அடித்துக்கொண்டது.

“இனி பெட்டி படுக்காது. நான் வர்ற வேலையே இருக்காது. ஆனா...” என்றவன் தரையைப் பார்த்தான்.

வானம் உறுமியது. மெயினுக்குப் போன கையை அவளே பிடித்து நிறுத்திக்கொண்டாள்.

“ஆனா...? பாதியில நிறுத்தாதீங்க. நடுவுல போனா என்ன ஆகும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“வேலை இல்லாமலே வரலாமா? உங்களைப் பார்க்க... எனக்கு உங்களை நொம்பப் புடிச்சிருக்குங்க.”

காதோரம் சூடேறியது.

“எனக்கும்தானுங்க... ஞாயித்துக்கிழமை கோயில்ல பூசை முடிஞ்சதும் ஊட்டுக்கு வாங்க. எங்கப்பாகிட்டயும் இதே மாதிரி முழுசாச் சொல்லிடுங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் மெயினை இறக்கினாள்.