ஊசிமுனை இடம்

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனம் அரைக்க ஆள் இல்லை. துருவெல்லிப் பூச்சு வந்த பிறகு எவர் அரைப்பார்? சுத்தியலுக்கு ஒரு சொட்டு, ஸ்பேனருக்கு ஒரு சொட்டு, கதவுகளுக்கு நடுவில் வட்டமாக ஒரு சொட்டு. சாமிக்குப் பொட்டும் ஆயிற்று, துரு அண்டாமலும் ஆயிற்று.

தூத்துக்குடிக் கடலோரத்தில் இருந்த அந்தக் குடிநீர் ஆலையில் தொட்டி, குழாய், ஏணி எல்லாமே துருவெல்லி பூசிய எஃகு. உப்புக்காற்றாலும் உளியாலும் அதனிடம் வாலாட்ட முடியவில்லை. பொட்டுக்கு எடுத்த, புதிதாக வந்திருந்த ரகம் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. துரு இடுக்கில்தான் பிறக்கும் என்பதால், ஈரம் காயும் முன் அது தானே ஊர்ந்து போய் இடுக்குகளைத் தேடி அடைத்துவிடும். மூடிய கதவில் பூசக்கூடாது என்று டப்பாவிலேயே சிவப்பில் எழுதியிருந்தார்கள். எல்லாரும் படித்தார்கள். பொட்டு வைப்பதைப் பூசுவது என்று நம்மில் யார் நினைப்போம்?

ஆலைத் தொழிலாளி பொன்ராணியும் நினைக்கவில்லை. காலியாக இருந்த மூன்றாம் தொட்டியின் கதவு திறந்து கிடப்பதைப் பார்த்தாள். பூஜை நேரத்தில் என்ன அலட்சியம் என்று முணுமுணுத்தபடி இழுத்துச் சாத்தி, நடுவில் பொட்டு வைத்துவிட்டுப் போனாள். உள்ளே இருக்கும் பம்பு மட்டும் என்ன பாவம் செய்தது என்று, அதற்கும் ஒரு பொட்டு வைக்க அவள் புருஷன் சுடலைமணி இறங்கியிருந்தது அவளுக்குத் தெரியாது. அவர் தட்டியது ஒலிபெருக்கிப் பாட்டில் கேட்கவில்லை. பொரிகடலை கொடுக்க அவரைத் தேடியபோது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கதவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த கோடு மறைந்து, இரண்டும் ஒரே எஃகாகியிருந்தன.

துளைக் கருவியை வைத்தார்கள். அதன் ஊசியும் துருவெல்லி பூசியதுதான். இரண்டும் கிறீச்சிட்டன, கீறல்கூட விழவில்லை. வெட்டும் தீயை வைத்தார்கள். பூச்சு சூட்டைத் தொட்டி முழுவதும் பரப்பியதில், உள்ளேயிருந்து அலறல் கேட்டது. பதறி அணைத்தார்கள்.

"வெடி வெச்சா?" என்று கேட்டாள் பொன்ராணி.

"சுவருக்கு ஒண்ணும் ஆகாதும்மா. உள்ள இருக்கவருக்குத்தான் ஆகும்," என்றார் இன்ஜினியர் ஞானதுரை. அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

"காத்து எம்புட்டு நேரத்துக்குத் தாங்கும் சார்?"

"சின்னத் தொட்டி. குழாய் வாயெல்லாமும் அடைச்சுப்போச்சு. பொழுது சாயிற வரைக்கும்..." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒரே ஒரு வழிதான் இருக்கு. எங்கயாவது பூச்சு படாம ஊசிமுனை அளவு எடம் விட்டுப்போயிருந்தாப் போதும். அதுல பிடிச்சு உரிச்சிரலாம். இந்தத் தொட்டிக்குப் பூச்சு அடிச்சது யாரு?"

பொன்ராணி லென்ஸை எடுத்தாள். நாலு வருஷத்துக்கு முன் வெளிப்பக்கம் முழுவதும் அவள் அடித்தது. உட்பக்கம் சுடலைமணி அடித்தது. ஆலையிலேயே சுத்தமான வேலை என்று அன்று பெயர் வாங்கிய தொட்டி அது.

லென்ஸும் விளக்குமாக அவள் சுவரில் விரற்கடை விரற்கடையாகத் தேடினாள். அடியில் மல்லாந்து படுத்துத் தேடினாள். அன்றைக்குக் கை வலிக்கவில்லையா, வெயில் அடிக்கவில்லையா, ஓர் இடத்திலாவது சோம்பல் பட்டிருக்கக் கூடாதா? தன் வேலையைப் போல வேறெதையும் அவள் அப்படி வெறுத்ததில்லை. வெயில் மஞ்சளாகி இறங்கும்போது கடைசி அங்குலமும் முடிந்தது.

சுவரில் காதை ஒட்டி வைத்து, தொண்டை கிழியக் கத்தினாள்.

"என்னங்க, கேக்குதா? வெளிய எங்கயும் இல்லங்க! உள்ள நீங்க எங்கயாவது விட்டிருக்கீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க!"

 மூச்சிரைப்புக்கு நடுவே, ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போலத் தாழ்ந்து வந்தது சுடலைமணியின் குரல்.

"இல்ல புள்ள. ரெண்டு தடவ அடிச்சேன்."