மாடத்தி கழுவிய இரட்டைக்குழல்

வியாழக்கிழமை காரியம் வைத்துவிடலாம் என்று தளவாய் மாமா சொல்லி வாயை மூடவில்லை, மாடத்தி அடுப்படியை விட்டு வெளியே வந்து, ஆம்பளைகள் உட்கார்ந்திருந்த பாய்க்கு நேரே நின்றுவிட்டாள். ஆலங்கொம்பு ஊரில் ஒரு பொம்பளை அப்படி நின்றதை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"பொணத்தைப் பாத்தியளா மாமா?" என்று கேட்டாள்.

யார் பார்த்தார்கள்? பார்த்திருந்தால்தானே சொல்வதற்கு! அவள் புருஷன் கொம்பையா மஞ்சணத்திமொட்டைக்கு ஏறி ஆறு நாள் ஆகியிருந்தது. அந்த மலை உச்சியில் வெள்ளைக்காரத் துரை ஒருத்தன் காப்பித் தோட்டம் போட்டு, நொடித்துப்போய், அப்படியே விட்டுவிட்டுப் போன பங்களா ஒன்று இருக்கிறது. கப்பலேறும் முன்னால் துரை ஓர் இரும்புப்பெட்டியைப் பங்களாக் கிணற்றில் இறக்கினான் என்று சொல்லி, அவனிடம் சமையல் பார்த்தவரின் மகன் பழுப்பேறிய ஒரு காகிதப் படத்தைக் கொம்பையாவிடம் கொடுத்திருந்தான். கொம்பையா அதை மடியில் கட்டிக்கொண்டு தனியாகவே கிளம்பினான். மூன்றாம் நாள் வருகிறேன் என்றவன் வரவில்லை. ஊரிலிருந்து எட்டுப் பேர் பாதி மலை ஏறினார்கள். மஞ்சு என்கிற மேகமூட்டம் இறங்கிக் கண்ணை மறைத்ததும் திரும்பிவந்து, இந்த மஞ்சுக்குள் மூன்று நாளைக்கு மேல் மனுசன் தாங்கமாட்டான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். கால் வலித்தவன் சொல்லும் தீர்ப்புக்கு நம் ஊர்களில் எப்போதும் மரியாதை உண்டு.

மாடத்தியின் வளையலை எப்போது உடைப்பது என்று பெண்கள் குசுகுசுக்கத் தொடங்கியிருந்தார்கள். அது அவள் காதிலும் விழுந்தது.

"வியாழக்கிழமைக்குள்ள நான் திரும்பி வரலைன்னா எனக்கும் சேத்தே காரியம் வச்சிருங்க" என்றாள். அரிசி, உப்பு, கருப்பட்டி, ஒரு செம்பு, தலைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெய்க் குப்பி எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டினாள்.

கூட வர ஆள் வேண்டுமே! அந்த எட்டுப் பேரைப் பயந்தாங்கொள்ளிகள் என்று டீக்கடையில் சத்தம் போட்டுச் சொன்னவர் ஆவுடையப்பண்ணாச்சி ஒருத்தர்தான். மாடத்தி நேரே அவர் வீட்டு வாசலுக்குப் போய், சொன்ன சொல்லுக்கு எழுந்து வாருங்கள் என்று கூப்பிட்டாள். மீசையை வைத்துக்கொண்டு மனுசன் எப்படி மறுப்பார்? பயிரை அழிக்கிற பன்றியை விரட்ட லைசென்ஸ் வாங்கி அவர் வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கியும் தோளில் ஏறியது. வாய்வழியாகக் கருமருந்து கொட்டி, தக்கை வைத்து, கெஜக்கோலால் இடித்து, பின்னால் தட்டினால் பொரிகிற கேப்பு மாட்டிச் சுடுகிற பழைய துப்பாக்கி அது. மஞ்சுக்குள் மனுசன் கூப்பிடும் குரல் ஐம்பது அடி போகாது. வெடிச் சத்தம் இரண்டு மைல் போகும். அதைக் கேட்டுக் கொம்பையா வந்து சேரவேண்டும் என்பதுதான் திட்டம். துப்பாக்கியை மட்டும் தொடக்கூடாது, பொம்பளை கை பட்டால் குறி தப்பும் என்று அண்ணாச்சி வழியெல்லாம் மூன்று தடவை சொன்னார்.

நடுமலைக் காணிக்காரர் குடியிருப்பில் ஈச்சன் காணி சேர்ந்துகொண்டார். தேனெடுக்கிறவர், மஞ்சணத்திமொட்டையின் பாறை ஒவ்வொன்றுக்கும் பெயர் தெரிந்தவர். கூலி என்ன என்று கேட்டதற்கு, ஆள் கிடைத்தபிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

அன்று பகல் முழுக்க ஏற்றம். அட்டைகள் காலில் ஏறி ஏறி விழுந்தன. மாடத்தி சேலையை முழங்காலுக்கு மேல் இழுத்துக் கட்டிக்கொண்டு, உப்பைத் தடவித் தடவி நடந்தாள். மூங்கில் காட்டுத் திருப்பத்தில் ஈச்சன் சட்டென்று கையை உயர்த்தினார். முப்பதடி தூரத்தில் ஒற்றை யானை, காது அசையாமல் நின்றது! அண்ணாச்சி இரண்டு குழலையும் வானத்தைப் பார்த்து வெடித்தார். யானை மூங்கிலை முறித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கி ஓடியது. அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. துப்பாக்கிக்கு உபசாரம் செய்வதாக நினைத்துக்கொண்டு, பையிலிருந்த மெஷின் எண்ணெயைக் குழலுக்குள் தாராளமாக ஊற்றி, கந்தலால் இரண்டு இழுப்பு இழுத்து வைத்தார்.

மாடத்திக்கு அதைப் பார்க்கவே கை பரபரத்தது. அவள் பிறந்த வீடு வேட்டுக்காரர் வீடு. அம்மன் கோயில் கொடை விழாவுக்கு அவள் அப்பா இரும்புக் குழாய்களில் கருமருந்து இடித்து அதிர்வேட்டுப் போடுவார். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அந்தக் குழாய்களைக் கொதிதண்ணீரில் கழுவிக் கொடுத்தது மாடத்தியும் அவள் அக்காமாரும்தான். மருந்துக் கரியின் குணம் அவளுக்கு உள்ளங்கை ரேகை. ஆனாலும் துணைக்கு வந்த மனுசனிடம் முதல் நாளே வாயைக் கொடுக்கவேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் உச்சி வரப்புக்கு ஏறிவிட்டார்கள். எங்கே பார்த்தாலும் வெள்ளை! நீட்டிய கை விரல் தெரியவில்லை. இடப்பக்கம் ஓர் அறிகுறியும் இல்லாமல் பாறை செங்குத்தாக இறங்குகிறது, அதற்கு ஆளுண்டான் பள்ளம் என்று பெயர், ஓர் அடி தவறினால் எலும்பு பொறுக்கவும் ஆள் போகமுடியாது என்று ஈச்சன் சொன்னார். மூவரும் ஒரு மொட்டைப்பாறையில் நிலைகொண்டார்கள்.

அண்ணாச்சி சுட்டார். மலைக்கு மலை எதிரொலித்து அடங்கியது. இன்னொன்று. ஒரு பதிலும் இல்லை. மூன்றாவது வெடி அடங்கியதும், கீழே எங்கேயோ ஒரு சீழ்க்கை!

மாடத்திக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இரண்டு விரலை மடித்து வாயில் வைத்து இழுக்கிற அந்தச் சீழ்க்கையை ஆயிரம் பேர் நடுவிலும் அவளுக்குத் தெரியும். உயிரோடு இருக்கிறான்! அவள் அழுதாள், சிரித்தாள், ஈச்சனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான்காவது வெடிக்கும் சீழ்க்கை வந்தது. ஆனால் ஈச்சன் முகம் சுருங்கியது. சத்தம் இடப்பக்கம் நகர்கிறது, எதிர்ப்பாறையில் மோதித் திரும்புகிற எதிரொலியை வெடி என்று நம்பி அவன் ஆளுண்டான் பள்ளத்துப் பக்கம் போகிறான் என்றார். ஒரே இடத்திலிருந்து விடாமல் சுட்டால்தான் எது வெடி, எது எதிரொலி என்று அவன் பிரித்தறிய முடியும்.

அண்ணாச்சி அவசரமாக மருந்து கெட்டித்து வலக்குழலின் குதிரையைத் தட்டினார். டிக்! கேப்பு மட்டும் பொரிந்தது. வேறு கேப்பு மாட்டினார். மறுபடியும் டிக். இடக்குழலில் மருந்தைக் கொட்டித் தக்கையை இடித்தார். தக்கை பாதிக் குழலில் நின்றுகொண்டது, மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. அவர் கெஜக்கோலை உருவிக் கீழே வைத்தார். பாதியில் நின்றால் என்ன, வெடித்தால் தானே வெளியே பறக்கும் என்று சொல்லிக் குதிரையை இழுக்கப் போனார்.

மாடத்தி பாய்ந்து துப்பாக்கியைப் பிடுங்கினாள்.

"குழல் கிழிஞ்சு கை போயிரும் அண்ணாச்சி! மருந்துக்கும் தக்கைக்கும் நடுவுல வெறுமையா இருந்தா இரும்பே வாழைத்தண்டு மாதிரி பிளக்கும். எங்க சித்தப்பாவுக்கு நாலு விரல் இப்படித்தான் போச்சு."

குழல் வாயில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். விரலில் தார் ஒட்டியது. மருந்துக் கரியும் மெஷின் எண்ணெயும் குழைந்து தாராகிவிட்டிருந்தது. கேப்பு மாட்டுகிற சின்ன மூக்குத் துளையும் அதனால்தான் அடைத்திருந்தது. தண்ணீர் சுட வையுங்கள் என்று ஈச்சனிடம் சொன்னாள்.

அண்ணாச்சிக்கு அது கேட்டதும் ஆவேசம் வந்துவிட்டது. "துப்பாக்கிக்குள்ள தண்ணியா? பெத்த பிள்ளை வாயில மண்ணள்ளிப் போடுதது மாதிரில்லா இருக்கு! துரு ஏறி நாசமாப் போயிரும். குடு இங்க!"

"குடுக்க மாட்டேன்" என்றாள் மாடத்தி. "அங்க எம் புருஷன் பள்ளத்தைப் பாத்து நடக்கான். துரு ஏறுனா நான் தேய்ச்சுத் தாரேன். தேய்ச்சும் போகலைன்னா எங்கழுத்துல கெடக்கதை வித்துப் புதுசு வாங்கித் தாரேன். இப்ப நீங்க தள்ளுங்க."

அந்தக் குரலுக்கு அண்ணாச்சி தள்ளித்தான் போனார். முணுமுணுத்துக்கொண்டே ஒரு கல்லில் போய் உட்கார்ந்தார்.

ஈரச் சுள்ளி பற்றுமா? ஈச்சன் மடியிலிருந்து குங்கிலியக் கட்டி ஒன்றை எடுத்து அடியில் வைத்தார். குப்பென்று தீப் பிடித்தது. பாறைக் குழியில் மொண்ட தண்ணீர் செம்பில் கொதிப்பதற்குள், மாடத்தி இரண்டு குழலிலும் குளிர்ந்த தண்ணீரை விட்டு உள்ளே கிடந்த மருந்தைச் சாகடித்தாள். கெஜக்கோலின் திருகுமுனையால் தக்கைகளைக் கவ்வி வெளியே இழுத்தாள். பிறகு கொதிதண்ணீர். முந்தானையைக் கிழித்துக் கோலில் சுற்றி, குழலுக்குள் விட்டு, அடிபம்பு அடிக்கிற மாதிரி ஏற்றி இறக்கினாள். முதலில் ஒன்றும் வரவில்லை. கை சுட்டது, கொப்புளித்தது, விடவில்லை. திடீரென்று மூக்குத் துளை வழியாகக் கருகருவென்று தண்ணீர் பீச்சி அவள் முகத்திலேயே அடித்தது! அழுகிய முட்டை நாற்றம். மாடத்திக்கு அது கொடைக்காலத்து நாற்றம், அம்மா வீட்டு நாற்றம்.

"பாத்தியளா அண்ணாச்சி. மருந்துக் கரி உப்புச் சாதி. தண்ணியில கரையும், மெஷின் எண்ணெயில ஒட்டும். வெந்நீர்ல குழல் சூடாயிருச்சுன்னா ஈரம் தானா ஆவியாப் போயிரும்."

அண்ணாச்சி கல்லை விட்டு எழுந்து கொஞ்சம் கிட்டே வந்து பார்த்தார்.

தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவி, உலர்ந்த துணியால் துடைத்து, வெறும் கேப்பு ஒன்றைத் தட்டி மூக்கின் ஈரத்தை விரட்டினாள். ஈச்சனிடமிருந்த தேன்மெழுகைத் தேங்காயெண்ணெயில் உருக்கித் தக்கைகளைத் தோய்த்தாள், அது கரியை இறுகவிடாது. மருந்தை அண்ணாச்சி போடுவதில் பாதிதான் போட்டாள். பாதி மருந்தில் என்ன சத்தம் வரும் என்று அவர் கேட்டதற்கு, சத்தம் இடிப்பில் இருக்கிறது, மருந்தை அள்ளிக் கொட்டினால் எரியாத மிச்சமெல்லாம் கரியாகத்தான் உட்காரும் என்றாள். தக்கையை அழுத்தி இடித்து, துப்பாக்கியை அவரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. "நீயே சுடு தாயி" என்றார்.

மாடத்தி சுட்டாள். தோள் பின்னால் போனது, மலை அதிர்ந்தது! காது கொடுத்தார்கள். ஒன்றும் இல்லை. கழுவிய நேரத்துக்குள் பள்ளத்தில் போய்விட்டானோ? ஈரத் துணி ஓர் இழுப்பு, உலர்ந்த துணி ஓர் இழுப்பு, மருந்து, தக்கை, வெடி. மறுபடியும். அண்ணாச்சி துணி நனைத்துக் கொடுத்தார், ஈச்சன் தண்ணீரை ஆறவிடாமல் பார்த்துக்கொண்டார். ஆறாவது வெடிக்குப் பிறகு சீழ்க்கை வந்தது, ரொம்ப மெலிசாக, பள்ளத்தின் விளிம்பிலிருந்து. ஒன்பதாவதற்கு அது நின்ற இடத்திலேயே கேட்டது. பதினொன்றாவதற்கு வலப்பக்கம் திரும்பியது. திரும்புகிறான், திரும்புகிறான் என்று ஈச்சன் அவளைவிட அதிகமாகக் குதித்தார். இருபத்து மூன்று வெடி. ஒன்றுகூடப் பொய்க்கவில்லை. இருபத்து மூன்றாவதற்குச் சீழ்க்கை வரவில்லை, ஆளே வந்தான். தாடியும் கிழிசலுமாக, சுளுக்கிய காலுக்கு ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு, மஞ்சுக்குள்ளிருந்து கொம்பையா!

கரி அப்பிய முகத்தைப் பார்த்து முதலில் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. மாடத்தி அவன் நெஞ்சில் இரண்டு குத்துக் குத்திவிட்டுப் பிறகுதான் கட்டிக்கொண்டு அழுதாள்.

பெட்டி கிடைத்ததா என்று அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார். கிடைத்தது, இரும்பாய்க் கனத்தது, திறக்கவில்லை, தூக்கிக்கொண்டு வந்தபோதுதான் கால் பிசகியது, வெடிச் சத்தத்துக்கு ஏறவேண்டுமென்றால் கை வேண்டுமே, அதனால் போட்டுவிட்டேன் என்றான் கொம்பையா. எங்கே என்றதற்குக் கையை நீட்டினான். எல்லாப் பக்கமும் வெள்ளையாக இருந்தது. துரை வைத்ததைத் துரையே வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று மாடத்தி மூட்டையைக் கட்டிவிட்டாள். எடுத்துவரப் போனதை எடுத்தாகிவிட்டதே, இதற்குமேல் பேராசை எதற்கு? கூலி பேசும்போது ஈச்சன் காணியும் மீந்த கருப்பட்டி போதும் என்றுவிட்டார்.

வியாழக்கிழமை காலை வெயில் ஏறும்போது ஊருக்குள் இறங்கினார்கள். வாசலில் பந்தல் போட்டிருந்தது. கல்யாணத்தில் எடுத்த போட்டோவில் கொம்பையாவை வெட்டிப் பிரித்து மாலை போட்டிருந்தார்கள். மூலையில் காரியச் சமையலுக்கு மூன்று கல் அடுப்பில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. நொண்டிக்கொண்டு வந்த கொம்பையா தன் போட்டோவை உற்றுப் பார்த்து, இதைவிட நல்ல போட்டோ கிடைக்கவில்லையா என்று கேட்டான். அவன் அம்மா மாலையைப் பிய்த்தெறிந்து அவன்மேல் விழுந்தாள். அந்த எட்டுப் பேரும் பந்தல்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தளவாய் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, செத்த வீட்டுப் பந்தலுக்குள் வந்துவிட்டீர்கள், தீட்டு, முதலில் இரண்டு பேரும் போய்த் தலைமுழுகுங்கள் என்று ஆரம்பித்தார்.

மாடத்தி அவர் பக்கம் திரும்பவே இல்லை. இறங்குகிற வழியில் பன்றிகளை விரட்ட இரண்டு வெடி போட்டிருந்தார்கள். கரி ஒரு பொழுது கிடந்தால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் தின்ன ஆரம்பித்துவிடும். அவள் நேரே அடுப்புக்குப் போய், காரியச் சோற்றுக்கு வைத்திருந்த அண்டாவிலிருந்து ஒரு குடம் கொதிதண்ணீர் மொண்டாள். ஆவுடையப்பண்ணாச்சி ஒரு வார்த்தை கேட்காமல் பந்தலுக்கு நடுவில் குந்தி, துப்பாக்கியை இரண்டு கையாலும் பக்குவமாகச் சாய்த்துப் பிடித்தார். அவள் ஊற்றினாள். கன்னங்கரேலென்று தண்ணீர் பீச்சிப் பந்தல் முழுக்க ஓடியது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாமா" என்றாள் மாடத்தி. "வேட்டியில பட்டுரும்."

தளவாய் மாமா தள்ளி நின்றார்.