கண்ணாடி வீட்டின் முதல் குலை

துப்பறிய வந்த இடத்தில் யோகராஜ் முதலில் செய்த காரியம், சாட்சியைப் பிய்த்ததுதான். அது சாட்சி என்று அப்போது அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது. அவன் கைக்கும் உடையக்கூடிய பொருள்களுக்கும் பூர்வஜென்ம பந்தம்.

"நீங்க வெளிவழியா வாங்க தம்பி, சாவி ஆணியில தொங்குது" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்காரர் சிவமுருகன், யோகராஜின் மேலதிகாரி மகாதேவியம்மாவைச் சமையலறை வழியாகக் கண்ணாடி வீட்டுக்குள் அழைத்துப் போய்விட்டார். யோகராஜ் ஜீப்பை நிறுத்திவிட்டுத் தோட்டத்தைச் சுற்றி வந்தான். வெளிக்கதவை ஒட்டிய சுவர் தெரியாதபடி பேஷன் பழக் கொடி படர்ந்து கிடந்தது. சாவியை இழுத்தான், வரவில்லை. பலமாக இழுத்தான், வந்தது. கூடவே பேனா ஸ்பிரிங் மாதிரிச் சுருண்ட ஒரு பச்சை இழையும் வந்தது. சிவமுருகன் கொடிகளைப் பிள்ளை மாதிரி வளர்க்கும் மனுஷர் என்று கேள்விப்பட்டிருந்தான். சுருளைச் சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டு, குழந்தை முகத்தோடு உள்ளே நுழைந்தான்.

வெளியே கொடைக்கானல் பனி. உள்ளே பழனி வெயில். ஒரு பக்கம் மல்லிகை, இன்னொரு பக்கம் ஊதாப் பூக்கள் கூரை வரை ஏறியிருந்தன. நடுப்பந்தலில் திராட்சைக் கொடி. அதன் கீழே, துக்க வீட்டில் நிற்பதுபோல் சிவமுருகன்.

பழனி அடிவாரத்தில் பூசைச் சாமான் கடை வைத்திருந்தவர். கடையை மகனிடம் விட்டுவிட்டு மலையேறி வந்து மூன்று வருஷம்.

"இந்தக் குளிர்ல பன்னீர் திராட்சையான்னு ஊரே சிரிச்சுச்சும்மா. கண்ணாடியில வீடு கட்டி வளத்தேன். இந்த வருஷம் ஒரே ஒரு குலை. முதல் குலை முருகனுக்குன்னு வேண்டுதல். நாளைக்குப் பங்குனி உத்திரம், இன்னைக்கு மத்தியானம் கீழ இறங்கணும். நேத்து உச்சிப்பொழுதுல தொங்குச்சு. காலையில வெள்ளனே வந்து பாத்தா வெறும் காம்பு நிக்குது."

"பழம் இனிப்பா இருக்குமாங்க?" என்றான் யோகராஜ். வரும் வழியெல்லாம் அவனைக் குடைந்த கேள்வி அது.

சிவமுருகன் எலும்புத்தூள் எரு, தெற்கு வெயில், வேருக்கு வடிகால் என்று விரிவாகப் பதில் சொன்னார். இனிப்பும் வரவில்லை, புளிப்பும் வரவில்லை.

"சந்தேகம் யார் மேல?" என்றார் மகாதேவியம்மா. போலீஸில் ஏட்டம்மாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சாக்லேட் கடை மாடியில் அவர் நடத்தும் துப்பறியும் நிலையத்துக்கு வரும் வழக்குகளில் பாதி, காணாமல் போன நாய்கள்.

"சந்தேகமே இல்ல. தோட்டக்கார மூக்கையாதான். கல்யாணம்னு முந்தாநாள் பாலசமுத்திரம் போனான், நேத்துப் பொழுதுசாய வந்தான். ராத்திரியில குலையக் காணோம். வெளிச்சாவியைத் தொடுறது அவன் ஒருத்தன்தான். சாயங்காலத்துக்குள்ள வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டேன்."

தோட்டத்துப் பின்வீட்டில் மூக்கையாவின் வீட்டார் பாத்திரங்களை மூட்டை கட்டும் சத்தம் கேட்டது. கண்ணாடி வீட்டு வாசலில் மூக்கையா கைகட்டி நின்றார்.

சிவமுருகனின் மனைவி சண்முகவள்ளி காபி கொண்டுவந்தாள். "நானும் காலையிலேருந்து கத்துறேன், குரங்குதான்னு. மேல கண்ணாடி தொறந்து கெடக்கு பாருங்க."

மகாதேவியம்மா காம்பைப் பார்த்தார். "குரங்கு கத்தரிக்கோல் கொண்டுவராதும்மா. கொண்டுவந்தாலும் இத்தனை பூவைச் சும்மா விட்டுட்டுப் போகாது." குனிந்து, கீழே இருந்த தொட்டியிலிருந்து எதையோ கைக்குட்டையில் எடுத்தார். ஒரே ஒரு திராட்சையின் தோலும் இரண்டு விதைகளும்.

யோகராஜ் வாசலுக்கு நழுவினான். "அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. பழம் இனிக்குமா?"

"சாமிக்குன்னு வச்சதை நாக்கால நெனைக்கவே கூடாது தம்பி" என்றார் மூக்கையா.

"மேடம், உங்களுக்கு என்ன தோணுது? இனிப்பா, புளிப்பா?"

"நம்ம சோலியப் பாரு யோகராஜ். ஆமா, வெளிக்கதவைத் தொறக்க ஏன் அவ்வளவு நேரம்?"

"சாவி... கொஞ்சம் முரண்டு பண்ணுச்சு மேடம்."

"பையில என்ன பச்சையா எட்டிப் பாக்குது?"

இனி மறைத்துப் பயனில்லை. சுருளை மேசையில் வைத்தான். "சாவி வளையத்தைச் சுத்திக்கிட்டு இருந்துச்சு மேடம். பிஞ்சிருச்சு."

திட்டு விழும் என்று தோளைச் சுருக்கினான். மகாதேவியம்மா சிரித்தார்.

"மூக்கையா, கடைசியா எப்ப சாவியை மாட்டினீங்க?"

"முந்தாநாள் தண்ணி விட்டுட்டு மாட்டினதுங்க. அப்புறம் தொடல."

"வேற சாவி?"

"ஒண்ணுதாங்க" என்றார் சிவமுருகன். "நாங்க சமையலறைக் கதவு வழியா வந்து போவோம். ராத்திரி அதை உள்தாழ்ப்பாள் போட்டுருவோம்."

"அப்ப இந்தச் சுருளைப் பாருங்க. கொடி கையை நீட்டி, பட்டதைப் பிடிச்சுச் சுத்தும். ஆனா இத்தனை சுத்து, இழுத்தாலும் விடாத பிடி, இந்தக் குளிர்ல ஒரே ராத்திரியில வராது. நேத்து ராத்திரி யாராவது சாவியை எடுத்திருந்தா இது நேத்தே பிஞ்சிருக்கும். பிச்ச புண்ணியவான் இன்னைக்குத்தான் வந்தாரு. அப்ப குலையை வெட்டுன ஆள் சமையலறை வழியா வந்த ஆள்."

"என் வீட்டுக்குள்ள திருடனா?"

"திருடன்னா குலையோட ஓடியிருப்பான், நின்னு ஒரே ஒரு பழத்தைத் தின்னு தோலைத் துப்பிட்டா போவான்? இது ருசி பாத்த கை. வாயில போட்ட பெறகுதான் நெனப்பு வந்திருக்கு, எச்சில் பட்ட குலை சாமிக்கு ஆகாதுன்னு. தெரிஞ்சே படைக்க மனசு வரல. வெட்டி ஒளிச்சாச்சு, குரங்கு மேல போடலாம்னு மேல் கண்ணாடியைத் தொறந்தாச்சு. பழி மூக்கையா மேல விழும்னு எதிர்பாக்கல. அவருக்காகக் காலையிலேருந்து குரங்கோட சண்டை போடுறது ஒருத்தர்தான். எனக்குப் போன் பண்ணிக் கூப்பிட்டதும் அவங்கதான்."

சண்முகவள்ளி காபித் தட்டை மேசையில் வைத்தாள்.

"இட்லிப் பானைக்குள்ள இருக்கு" என்றாள். "குப்பையில போட மனசு வரலீங்க. அடுப்புல எது கொதிச்சாலும் ஒரு சொட்டு உள்ளங்கையில விட்டுப் பாத்துப் பழகின கை. நைவேத்தியம்னா மட்டும் கட்டுப்படும். இது கொடியில தொங்கவும் மறந்துபோச்சு." பிறகு வாசலைப் பார்த்து, "மூக்கையா, என்னை மன்னிச்சுருப்பா" என்றாள்.

"கேட்டேன்ல, காலையிலேயே கேட்டேன்ல. அப்பவே ஏன் சொல்லல?" என்றார் சிவமுருகன்.

அவள் காலி டம்ளர்களைத் தட்டில் அடுக்கத் தொடங்கினாள்.

சிவமுருகன் பின்வீட்டுக்கு நடந்தார். திரும்பி வந்து மூக்கையாவின் முன் நின்றார். "மூட்டையைப் பிரிக்கச் சொல்லிட்டு வந்தேன்" என்று மட்டும் சொன்னார். அவரால் முடிந்த மன்னிப்பு அவ்வளவுதான். மூக்கையா அதை அப்படியே எடுத்துக்கொண்டு, பந்தலைக் காட்டினார். "எலைக்குள்ள ஒரு பிஞ்சுக் குலை இருக்குங்க மொதலாளி. வைகாசி விசாகத்துக்குப் பழுத்துரும். முருகன் பொறுத்துக்குவாரு."

கிளம்பும்போது சண்முகவள்ளி ஒரு பை பேஷன் பழத்தோடு ஜீப் வரை வந்தாள். யோகராஜால் அடக்க முடியவில்லை.

"அம்மா, யாருமே ஒழுங்கா பதில் சொல்ல மாட்டேங்கிறாங்க. அந்தப் பழம் இனிப்பா, புளிப்பா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் சிவமுருகன் ஸ்டூல் மேல் ஏறி நின்று, பிஞ்சுக் குலையை மூக்கையாவுக்கு விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அதைக் கண்டுபிடித்ததே தான்தான் என்பதுபோல.

"வாயில வைக்க முடியல தம்பி, அவ்வளவு புளிப்பு" என்றாள் தாழ்ந்த குரலில். "தின்னேன்னு காலையிலேயே ஒத்துக்கிட்டிருந்தா, எப்பிடி இருந்துச்சுன்னுதான அடுத்து கேட்டிருப்பாரு?"