கயிற்றின் மறுமுனை

பதில் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டது. வாத்து கயிற்றைச் சுண்டி முடிப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு சுண்டு. ஆனாலும் போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. பூனை போய்விடவில்லை, இங்கேதான் இருக்கிறாள்.

தண்ணீர் நிறைந்த அந்தப் பழைய கல்குவாரியில் விளக்கில்லாமல் கையை நீட்டினால் விரல் தெரியாது. அதனால் ஜோடியாக இறங்கும் பிள்ளைகளின் மணிக்கட்டுகளை ஒரே கயிற்றால் இணைத்துவிடுவது ஸ்கூபா கிளப்பின் வழக்கம். ஒரு சுண்டு என்றால் 'நல்லா இருக்கியா?' பதிலுக்கும் ஒரு சுண்டு. பள்ளியில் யாரும் சீந்தாத இரண்டு பெண்கள் இந்தக் கிளப்பில்தான் சிநேகமானார்கள். காலில் துடுப்பு மாட்டித் தத்தித் தத்தி நடந்தவள் வாத்து, சத்தமில்லாமல் வந்து நிற்பவள் பூனை. பட்டப்பெயர் வைத்தவன் கேமராக்காரன். கிளப்பின் ராஜா, அவன் வீடியோவில் வந்தால்தான் மனுஷப் பிறவி.

அன்று இறங்குவதற்கு முன் அவன் வாத்தின் காதருகே வந்து, "கீழே பஸ் மேல எல்லாரும் உக்காந்து ஒரு வீடியோ எடுக்கிறோம். நீயும் வா. அந்தப் பூனைய இழுத்துட்டு வராத, அது மூஞ்சியப் பாத்தா வியூஸே வராது" என்றான். வாத்து சிரித்தாள். சிரித்திருக்க வேண்டாம்.

பயிற்சிக்காக மூழ்கடித்து வைத்திருந்த பஸ்ஸின் பின்பக்கம் இருவரும் இறங்கினார்கள். அங்கே வாத்து தன் முனையை அவிழ்த்து, பூனைக்குத் தெரியாதபடி பஸ்ஸின் ஜன்னல் கம்பியில் பதமாகக் கட்டிவிட்டுப் போனாள். பதினாறு வயதில் துரோகம் அவ்வளவு சுலபமான வேலை. முன்பக்கம் விளக்கு வெளிச்சத்தில் ஆடிப் பாடாத குறையாக வீடியோ எடுத்தார்கள். முடிந்ததும் அந்தக் கூட்டம் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேலே போய்விட்டது. அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. தடவித் தடவி வந்து கம்பியிலிருந்து கயிற்றை அவிழ்த்துத் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டுதான் சுண்டிப் பார்த்தாள்.

இப்போது மேலே ஏறத் தொடங்கினாள். தன் மூச்சு குமிழிகளாக வெடிக்கும் சத்தமும், அடிச்சேற்றைக் கிளறியதால் வாய்க்குழாயின் ஓரத்தில் கசிந்த அழுகல் ருசியும், கீழே கறுத்துக்கொண்டே போகும் பச்சையும் தவிர வேறொன்றும் இல்லை. கயிறு தளராமல் கூடவே வந்தது. அவள் நின்றால் நின்றது. பூனையின் குமிழிச் சத்தம் மட்டும் கேட்கவில்லை. கோபத்தில் தள்ளியே வருகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, உடம்பு பழகுவதற்காகக் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். நின்றாள். அப்போது ஒரு கை வந்து அவள் வலது கையைப் பற்றிக்கொண்டது. சில்லென்றிருந்தது. கையுறை எங்கே போட்டுத் தொலைத்தாளோ, பாவம். வாத்துக்கு அழுகை முட்டியது. மன்னிச்சுக்கோடி, இனிமே ஜென்மத்துக்கும் உன்னை விட மாட்டேன் என்று மனசுக்குள் சொல்லியபடி அந்தக் கையை அழுத்தினாள். அதுவும் அழுத்தியது. வலிக்கும்படி.

தலையை வெளியே நீட்டினாள். சாயங்கால வெளிச்சத்தில் கண் கூசியது. மிதவை மேடையில் பயிற்சியாளர் குரல் கேட்டது.

"எல்லாரும் வந்தாச்சா?"

"வாத்து மட்டும்தான் சார் பாக்கி. இதோ வந்துட்டா."

பதில் சொன்னது பூனை.

மேடை விளிம்பில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைமுடி பாதி காய்ந்திருந்தது. மணிக்கட்டில் கயிறு இல்லை.

"சுண்டிச் சுண்டிப் பாத்தேன். பதிலே இல்ல. கயித்தப் பிடிச்சிட்டு வந்து பாத்தா ஜன்னல் கம்பி" என்றாள் பூனை. "அவுத்துப் போட்டுட்டு வந்துட்டேன். உன்கூட இனிமே பேச மாட்டேன்."

வாத்து தண்ணீருக்குள் இருந்த தன் வலது கையைப் பார்த்தாள்.

கையை உதறினாள். வரவில்லை.

மறுபடியும் உதறினாள். தண்ணீருக்குள் பிடி இறுகியது. விரல்கள். நீளமான விரல்கள். மணிக்கட்டைச் சுற்றி வந்தும் மிச்சமிருந்தன.

"பூனை..." என்றாள்.

பூனை அவள் முகத்தைப் பார்த்தாள். கோபம் ஒரு நொடியில் இறங்கியது. சட்டென்று குனிந்து கையை நீட்டினாள்.

"சரி சரி, அழாத. கையக் குடு, ஏறு."

வாத்து இடது கையை உயர்த்தினாள். விரல் நுனிகள் தொட்டன.

பூனையின் பார்வை அவள் முகத்தைத் தாண்டிப் பின்னால் போனது. அங்கேயே நின்றது. கேமராக்காரன் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவன், நிறுத்தினான். மேடைப் பலகைகள் திடுதிடுவென அதிர்ந்தன. எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். பயிற்சியாளரும்.

பூனை கடைசியாக நகர்ந்தாள். நீட்டிய கையை மெல்ல மடக்கி, நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு.

மேடை காலியாகக் கிடந்தது. வாத்தின் தோளில் ஒரு கை வந்து ஊன்றியது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. அவளை அமுக்கி, அது மேலே ஏறத் தொடங்கியது.