களைப்பு போகும் இடம்

"ஒன் களைப்ப வாங்கிக்கிடுதாங்கள்ல, அவங்களுக்குக் களைப்பு வந்தா அத யாரும்மா வாங்கிக்கிடுவா?"

ஆறு வயது ஜோவிதா ஒரு விடியற்காலையில் இப்படிக் கேட்டாள். அவள் அம்மா பெனிட்டா அப்போது கெண்டைக்காலில் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தாள். பல் தேய்க்கச் சொல்லிப் பிள்ளையை விரட்டினாள்.

அந்தப் பட்டைக்குக் களைப்புமாற்றி என்று பெயர். ஓடுகிறவரின் தசையில் சேரும் தளர்ச்சியை நரம்பின் வழியே அளந்து, இணையத்தில் அனுப்பி, வேறோர் ஊரில் அதே பட்டையைக் கட்டியிருப்பவரின் உடலில் இறக்கிவிடும். அப்படி வாங்கிக்கொள்பவர் தாங்குநர். தாங்குநர்கள் மெத்தையில் படுத்தபடியே வாங்கிக்கொள்கிறார்கள், உறங்கி எழுந்து கூலி பெறுகிறார்கள் என்றது அதை நடத்தும் நிறுவனத்தின் விளம்பரம்.

பெனிட்டா பொழுதுபோக்குக்காக ஓடவில்லை. தூத்துக்குடிக் கடலோர மீட்புப் படைக்கு ஓட்டப் பந்தயம் வைத்துத்தான் ஆள் எடுத்தார்கள்; பட்டை கட்டி ஓடவும் தடையில்லை. முதலில் வரும் பத்துப் பேருக்கு நிலையான வேலை. அவளுக்கு வயது வரம்பு அந்த ஆண்டோடு முடிந்தது. மீன் பதனிடும் ஆலை மூடியதிலிருந்து அவள் வீட்டு அடுப்பு அக்கம்பக்கத்தார் தயவில்தான் எரிந்தது. இணையவழிப் பயிற்சியில் அவளைச் சேர்த்து, பட்டைக்கும் பணம் கட்டியது மாதா கோயில் பங்குப் பெண்கள்தான்.

அதனால் உண்மையாக உழைத்தாள். கோயமுத்தூரிலிருந்து திரையில் தோன்றிப் பயிற்சி தரும் ரகுபதி சார் நான்கு சுற்று என்றால் இவள் ஆறு சுற்று ஓடுவாள். ஓடி முடித்தாலும் கால்கள் அப்போதுதான் படுக்கையை விட்டு எழுந்ததுபோல் இருந்தன. பிறர் தயவில் கிடைத்ததை வீணாக்கக் கூடாது என்று நினைப்பவள்; செபம் சொல்லிக்கொண்டே இன்னும் ஒரு சுற்று போவாள். இவளைப்போல் ஒழுங்கானவள் இல்லை என்று சார் மற்றவர்களிடம் சொல்வார்.

ஒருநாள் ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில் பட்டையின் இணைப்பு தடுமாறித் தலைகீழாகத் திரும்பியது. சில நொடிகள்தான். அதற்குள் தாங்குநரின் உடல் பட்ட பாடு முழுவதும் இவளுக்குள் இறங்கியது. முழங்கால்கள் துவண்டன, இடுப்பு வெட்டி இழுத்தது. ஆனால் அந்த உடல் படுத்திருக்கவில்லை. நின்றுகொண்டு, கனமான எதையோ தூக்கப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தது. பெனிட்டா பாலத்தின் கம்பியைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தாள்.

சாரிடம் சொன்னபோது அவர் முகம் வாடியது. தாங்குநர் வேறு வேலை செய்யக் கூடாது என்பது ஒப்பந்தம், நிறுவனத்துக்குத் தெரிந்தால் நீக்கிவிடுவார்கள், புகார் கொடுக்கவா என்று கேட்டார். அவள் பதறிப்போய் வேண்டாம் என்றாள். தான் விலகிக்கொண்டால்? தாங்குநரின் கூலியும் அன்றோடு நின்றுவிடும் என்றார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி அந்த முகம் தெரியாத ஆளின் மேல்தான் விழுந்தது. ஒருமுறை பேசவாவது வையுங்கள் என்று கெஞ்சினாள். விதிப்படி கூடாதுதான். என்றாலும் மறுநாள் குரலை மட்டும் இணைத்துவிட்டு அவர் திரையை விட்டு விலகிக்கொண்டார்.

தாங்குநரின் பெயர் முத்துப்பேச்சி. சங்கரன்கோவில் பக்கம் வீட்டோடு இட்லிக்கடை வைத்திருந்தாள்.

"நீதான் ஓடுற பிள்ளையா? ஏத்தம் ஏறதுக்கு முன்னால ஒரு வார்த்த சொல்லப்பிடாதா தாயி? சட்டியோட மாவு பூரா தரையில. அன்னைக்கு எங்க தெரு நாய்க்கெல்லாம் விருந்து."

பெனிட்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "நீங்க படுத்துத்தான் இருப்பீங்கன்னு சொன்னாங்கக்கா."

"படுத்துட்டா கடைய யாரு பாக்கது?"

முதல் நான்கு சுற்று பரவாயில்லை, அதற்குமேல் வருவதுதான் ஆளைச் சாய்க்கிறது என்றாள் முத்துப்பேச்சி. குறையாகச் சொல்லவில்லை. வெயில் அதிகம் என்பதைப்போல் சொன்னாள். பெனிட்டா பக்தியோடு ஓடிய சுற்றுகள் அல்லவா அவை? இனி மெதுவாகவே ஓடுகிறேன் என்றாள்.

மறுபக்கம் பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"நீ மெதுவா ஓடித் தோத்துட்டா, நான் இம்புட்டு நாள் பட்டது எதுக்கு? நீ ஓடு தாயி. ஏத்தம் வந்தா நான் உக்காந்துக்கிடுதேன்."

அதன்பின் சார் சொன்ன சுற்றுக்கு மேல் பெனிட்டா ஓர் அடி வைக்கவில்லை. அவளால் ஆனது அவ்வளவுதான்.

பந்தயத்தன்று அதே மேம்பாலத்தின் ஏற்றத்துக்கு முன்னால் குனிந்து பட்டையை அவிழ்க்கப் பார்த்தாள். முடிவுக்கோட்டைத் தாண்டும்வரை அது பூட்டியே இருக்கும்படி நிறுவனம் செய்திருந்தது. பின்னால் வந்தவர்கள் இருவர் அவளைத் தாண்டிப் போனார்கள். அழுதுகொண்டே ஏறினாள். அந்த அக்கா இந்நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு செபம் வாயில் வரவில்லை. கால்களோ பாரமறியாமல் பறந்தன.

ஒன்பதாவதாக வந்தாள். கொஞ்சமும் வாடாத முகம் என்று புகைப்படக்காரர் பாராட்டினார்.

வேலையில் சேர்ந்த அன்று சீருடையோடு ஒரு பட்டையும் கொடுத்தார்கள். பணியில் இருக்கும்போது கட்டியே ஆக வேண்டும். இந்தப் பட்டையின் மறுமுனையில் யார் என்று விசாரித்தாள். அதிகாரிக்கும் தெரியவில்லை, இதுவரை யாரும் கேட்டதில்லையே என்றார்.

முதல் விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து கோயில் காலியான மதிய நேரம். பெனிட்டா கடைசி வரிசையில் முழங்காலிட்டு, பயிற்சிக்காலத்துப் பழைய பட்டையைச் சேலைக்குள் கட்டிக்கொண்டாள். முத்துப்பேச்சி இப்போது வேறு யாருக்கோ தாங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் அவளுடைய இணைப்பு எண் மாறவில்லை. அன்று தற்செயலாகத் திரும்பிய இணைப்பை இன்று வேண்டுமென்றே திருப்புவது கடினமாக இல்லை.

முத்துப்பேச்சியின் களைப்பு முதலில் தோள்களில் வந்தது, பிறகு இடுப்பில், பிறகு முழங்கால்களில். யாரோ ஒருவர் எங்கோ ஓடிய ஓட்டமும் அதில் கலந்திருந்தது. முன்னாலிருந்த பெஞ்சின் மரத்தில் நெற்றியைச் சாய்த்து, வருவதையெல்லாம் வாங்கிக்கொண்டாள். எழுந்து நிற்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.