ரிப்பன் வெட்டாத மோர்

பானை பானையாக மோர் இருந்தது. தொண்டை காய்ந்துபோய் அவ்வளவு சனம் நின்றது. ஆனால் ஒரு சொட்டுக்கூட யாருக்கும் கொடுக்கக் கூடாதாம். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

அன்று சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத் தேர். வெயில் மண்டையைப் பிளந்தது. தெற்கு வீதியில் பள்ளிக்கூடத்துச் சேவைக் குழு நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்தது. ஏழாம் வகுப்புத் தில்லையம்மாள் சட்டையில் ‘தொண்டர்’ என்ற அட்டையைக் குத்திக்கொண்டு பந்தலுக்குள் சும்மா நின்றாள். சும்மா நிற்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

பந்தலின் முன்பக்கம் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. சிறப்பு விருந்தினர் வந்து அதை வெட்ட வேண்டும். முதல் டம்ளரை அவர் குடிக்க வேண்டும். அப்புறம்தான் மற்றவர்களுக்கு. அவர் ஒரு ரைஸ்மில் முதலாளி. காலையிலேயே வருவதாகச் சொன்ன மனிதரை உச்சி வெயில் வந்தும் காணோம்.

அந்த மோர் முழுக்கப் பிள்ளைகள் வீட்டுத் தயிர். ஆளுக்கொரு தூக்குவாளியில் கொண்டுவந்து ஊற்றிக் கடைந்தார்கள். தில்லையம்மாளும் அவள் தோழி கலைமணியும் இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் நறுக்கிப் போட்டார்கள். மிளகாய் நறுக்கிய கையால் கண்ணைக் கசக்கிவிட்டு கலைமணி அழுத அழுகை இருக்கிறதே, அது தனிக் கதை. இவ்வளவு பாடும் அந்த ஒருத்தருக்காகவா?

வருகிறவர்கள் எல்லாரும் பானையைப் பார்ப்பார்கள். அப்புறம் ரிப்பனைப் பார்ப்பார்கள். சேவைக் குழுவுக்குப் பொறுப்பான சுப்பராயலு சார், “கொஞ்சம் பொறுத்துக்கோங்க, வந்துகிட்டே இருக்காரு” என்று கும்பிடுவார். அவர்களும் முணுமுணுத்துக்கொண்டே நகர்வார்கள்.

அப்போதுதான் அமிர்தம் என்கிற ஓர் அக்கா வந்தாள். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவளாம். வடம் பிடித்து இழுத்ததில் அவளுடைய உள்ளங்கை சிவந்து கிடந்தது. இடுப்பில் மூன்று வயதுப் பெண்குழந்தை. சார் அவளிடமும் அதே பாட்டைப் பாடினார். குழந்தை பானையைப் பார்த்து உதட்டை நக்கிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அதன் தலை துவண்டு அம்மாவின் தோளில் சாய்ந்தது.

தில்லையம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே சாரிடம் போனாள்.

“சார், அந்தப் பாப்பாவுக்கு மட்டுமாவது ஒரு டம்ளர் குடுக்குறேன்.”

“ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்கம்மா.”

“கேக்கட்டுமே சார். அதுக்குத்தான பந்தல் போட்டிருக்கோம்?”

பாவம், சாரைப் பிடுங்கி எடுக்கத் தலைமையாசிரியர் இருந்தார். அதற்குள் சாருடைய செல்போன் அடித்தது. கார் வருகிறதா என்று பார்க்க அவர் தெருமுனைக்கு ஓடினார்.

தில்லையம்மாள் பந்தலைச் சுற்றிப் பார்த்தாள். ரிப்பன் முன்பக்கம் மட்டும்தான். பானைகளை உள்ளே கொண்டுவந்த பின்பக்கம் ஒரு சந்தைப் பார்த்துத் திறந்தே கிடந்தது. ரிப்பன் பாட்டுக்கு ரிப்பன் இருக்கட்டும், தாகத்துக்கு எதற்குக் கத்தரிக்கோல்?

“கலைமணி, பெஞ்சை அந்தப் பக்கம் புடி.”

“சார் திட்டுவாரே.”

“என்னையத் திட்டட்டும். நீ புடி.”

இருவரும் பெஞ்சை இழுத்துச் சந்துப் பக்கம் போட்டார்கள். தில்லையம்மாள் அமிர்தத்தைக் கூப்பிட்டு முதல் டம்ளரைக் குழந்தையின் வாயில் வைத்தாள். மடக் மடக்கென்று குடித்தது குழந்தை. பாதி மோர் கழுத்து வழியாக வழிந்து சட்டைக்குள் போனது. தாயும் இரண்டு டம்ளர் குடித்தாள். விஷயம் எப்படித்தான் பரவியதோ, சந்து முழுக்க வரிசை நின்றுவிட்டது.

சுப்பராயலு சார் திரும்பி வந்தார். வரிசையைப் பார்த்தார். திட்டத்தான் வாயைத் திறந்தார். அந்தக் குழந்தை அவரைப் பார்த்து மோர் மீசையோடு சிரித்தது. சார் வாயை மூடிக்கொண்டார்.

“முன்பக்கம் நான் பாத்துக்குறேன்” என்று சொல்லிவிட்டு, ரிப்பன் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

கடைசிப் பானையும் காலியாகி, குடத்தில் தண்ணீர் பிடித்துவந்து கொடுக்கத் தொடங்கிய பிறகு ரைஸ்மில் முதலாளி வந்தார். மாலை போட்டார்கள், ரிப்பன் வெட்டினார், கைதட்டினார்கள். காமிராக்காரர் முதல் டம்ளரைக் கொடுக்கச் சொன்னார். சாரின் முகம் வெளுத்தது.

“தீந்துடுச்சு சார்” என்றாள் தில்லையம்மாள். “தாகமா வந்தவங்களுக்குக் குடுத்துட்டோம்.”

காமிராக்காரருக்கோ அவசரம். காலி டம்ளரே போதும், குடிக்கிற மாதிரி சாய்த்தால் சரி என்றார். முதலாளியும் காலி டம்ளரை அண்ணாந்து சாய்த்தார். பக்கத்தில் நின்ற தில்லையம்மாளைச் சிரிக்கச் சொன்னார்கள். அவள் சிரிக்கவில்லை.

படம் எடுத்ததும் முன்பக்கக் கூட்டம் கலைந்தது. முதலாளி மட்டும் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு தயங்கி நின்றார்.

“ஏம்மா, நெசமாவே தீந்துடுச்சா? மேல வீதியிலேயே வண்டிய நிறுத்திட்டாங்க. அங்கேருந்து வெயில்ல நடந்து வந்தேன். நாக்கு ஒட்டிக்கிச்சு.”

தில்லையம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இன்னும் இருந்தது. ஆனால் அவருடைய உதடும் காய்ந்துதான் இருந்தது.

“பின்பக்கம் குடத்துல தண்ணி இருக்கு, வாங்க. ஆனா வரிசை நிக்குது.”

மனிதர் மறுபேச்சுப் பேசாமல் சந்துக்குப் போய் ஒரு பலூன்காரருக்குப் பின்னால் நின்றார். அவர் முறை வந்ததும் தில்லையம்மாள் டம்ளர் வழிய வழியத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை மறுபடியும் நீட்டினார். இந்தத் தடவை படம் எடுக்க அங்கே யாரும் இல்லை. தில்லையம்மாள் சிரித்துக்கொண்டே ஊற்றினாள்.